ஜெபத்துக்குக் கூப்பிட்டால் ஃபோனை ஒளிக்கிறான்

அன்புள்ள மேடத்துக்கு ஸ்தோத்திரம்.

நாகர்கோவில் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகன், மூன்றாம் வகுப்பு மகள், மாமியார், நான். தலைமுறையாக சி.எஸ்.ஐ. சபை. ராத்திரி ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். அங்கே அப்போது ஏழரை என்பதால் அவரும் வீடியோ காலில் சேர்ந்துகொள்வார்.

மகன் போன வருஷம் வரைக்கும் வேத வினாடி வினாவில் பரிசு வாங்கியவன். இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஃபோனில் ஷார்ட்ஸ் வீடியோ, இல்லையென்றால் கேம். ஜெபத்துக்குக் கூப்பிட்டால் ஃபோனைத் தலையணைக்கு அடியில் சொருகிவிட்டு வந்து உட்காருவான். பாட்டுக்கு வாயே திறக்கமாட்டான். சொன்ன நேரத்துக்கு மேல் பார்த்தால் பைபிளிலிருந்து 119-ஆம் சங்கீதத்தை நோட்டில் எழுத வைக்கிறேன். போன வாரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே, "கடவுள் இருக்காருன்னு எப்பிடிம்மா தெரியும்? ஒரு வீடியோல இல்லன்னு சொல்றாங்க" என்றான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமியார், "பிள்ளைய சாத்தான் பிடிச்சிருக்கான், ஃபோனைத் தூக்கிக் கிணத்துல போடு" என்கிறார்கள். ஃபோனைப் பிடுங்கிவிடலாமா? இவன் விசுவாசத்தை விட்டுவிடுவானோ?

– ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கேள்வி. அவன் அதை உங்களிடம் வந்து கேட்டிருக்கிறான். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் சந்தோஷம் தந்த செய்தி அதுதான். பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குமேல்தான் கண்ணுக்குத் தெரியாத விஷயங்களை ஆராய்ந்து யோசிக்கும் திறன் வளர்கிறது என்று குழந்தை உளவியலில் ழான் பியாஜே விளக்கியிருக்கிறார். இதுவரை நீங்கள் சொன்னதால் நம்பினான். இனி தானாக நம்ப வேண்டும், அதற்குக் கேட்டுத்தான் ஆக வேண்டும். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல், உயிர்த்தெழுந்ததை நம்பமாட்டேன் என்ற தம் சீடர் தோமாவை இயேசு தள்ளிவிடவில்லை. எட்டு நாள் கழித்து வந்து, கையை நீட்டிப் பார் என்றார். அந்தத் தோமா சென்னைப் பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது நம் மண்ணின் பழைய பாரம்பரியம். யோவான் 20-ஐ மகனோடு சேர்ந்து வாசியுங்கள். அந்த வீடியோவையும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பதில் தெரியாத இடத்தில், "எனக்குத் தெரியல மக்களே, நம்ம சபை ஐயர்கிட்ட கேப்போம்" என்றால் போதும். நீங்கள் மிரண்டுபோவதைப் பார்த்தால் அடுத்த கேள்வியை உங்களிடம் கொண்டுவரமாட்டான்.

சங்கீதம் எழுத வைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். 176 வசனம் சகோதரி! "உமது வேதத்தில் நான் எவ்வளவு பிரியமாயிருக்கிறேன்" என்ற வரியை விரல் வலிக்க, கோபத்தோடு எழுதுகிற பிள்ளைக்கு வேதம் என்றாலே தண்டனை என்று மனசில் பதிந்துவிடும். "இயேசப்பா பார்த்துக்கிட்டே இருக்கார்" என்று ஃபோனுக்குக் காவல் வைப்பதும் அப்படித்தான். ஃபோனுக்கு வீட்டு விதி இருக்கட்டும். மீறினால் மறுநாள் அரைமணி நேரம் குறையட்டும். தேவனை அந்தச் சண்டைக்குள் இழுக்க வேண்டாம். பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயருக்கு எழுதியபோது பவுல் பெற்றோரைத்தான் எச்சரித்தார்.

ஃபோனைக் கிணற்றில் போட முடியாது. அப்பா அதற்குள்தானே தினமும் வருகிறார்! ஷார்ட்ஸுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. தள்ளத் தள்ள வரும்; பிடித்தது எப்போது வரும் என்று தெரியாததால் விரல் நிற்காது, பெரியவர்களுக்கும் அதே கதைதான். அதனால் நடுவில் போய்க் கத்தாமல், எங்கே முடிப்பது என்பதை ஆரம்பிக்கும் முன்பே அவனோடு பேசி வையுங்கள். கேம் என்றால் அந்த ஆட்டம் முடிந்ததும், ஷார்ட்ஸ் என்றால் அலாரம் அடித்ததும். எட்டரைக்கே அவன் ஃபோன் ஹாலில் சார்ஜுக்குப் போய்விடட்டும். ஜெபம் முடிந்ததும் உங்களுடையதும் அங்கேதான். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை நிறுத்தச் சொல்லி அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016-லேயே பரிந்துரைத்தது. இதனால் கேமை விட்டு எழுந்து ஜெபத்துக்கு வரவேண்டிய எரிச்சலும் அவனுக்கு இருக்காது.

ஜெபத்தைக் கால் மணி நேரத்துக்குள் முடியுங்கள். வேத பகுதியை அவனே தேர்ந்தெடுக்கட்டும். அப்பா ஜெபத்துக்கு முன் ஐந்து நிமிஷம் அவனோடு மட்டும் பேசட்டும், மார்க் பற்றி அல்ல. பாடாவிட்டால் விட்டுவிடுங்கள். உபாகமம் 6-ஆம் அதிகாரம், வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு வேத வசனங்களைப் பேசச் சொல்கிறது. கோயிலுக்கு நடந்து போகும் நேரம் உங்களுக்கு இருக்கிறது. உங்கள் சபையில் பாட்டு வரிகளைத் திரையில் போடும் வழக்கம் இருந்தால், அந்த வேலையை இவனுக்குக் கேட்டு வாங்குங்கள். மாமியாரிடம், சாத்தான் பேச்சை அவன் காதுபட வேண்டாம் என்று மட்டும் அன்பாகச் சொல்லுங்கள்.

தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் மாதக்கணக்கில் கெட்டு, ஃபோனை வாங்கினாலே பொருளைத் தூக்கி எறிகிறான் என்றால் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். கேமிங் கோளாறை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சிகிச்சைக்குப் போவது விசுவாசக் குறைவு ஆகாது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.