கப்பல் நிற்கும் சில மணி நேரத்தில்: ஜூனோ பயணிகளின் கேள்விகள்

கேள்வி: அலாஸ்காவின் ஜூனோவில் கப்பல் நின்றபோது, வெளி நிறுவனம் ஒன்றின் மூலம் மென்டன்ஹால் பனியாற்றைப் பார்க்கப் போனோம். திரும்புவதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டது. அடுத்த துறைமுகத்துக்குச் சென்ற விமானச் செலவைக் கப்பல் நிறுவனம் தர வேண்டாமா?

பதில்: தராது. கப்பல் நிறுவனமே விற்ற சுற்றுலா தாமதமானால், கப்பல் காத்திருக்கும் அல்லது உங்களைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை ஏற்கும். வெளியே வாங்கியதற்கு அந்தப் பொறுப்பு கிடையாது. மாநிலத் தலைநகரமாக இருந்தும் ஜூனோவுக்கு வெளியூர்களிலிருந்து சாலை இல்லை. முன்னால் கடல், பின்னால் மலையும் பனிப்பரப்பும் என்பதால், கப்பலை விட்டவர் விமானத்தையோ படகையோதான் தேட வேண்டும். பனியாறு ஊரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அலாஸ்கா நேரம், பல கப்பல்கள் புறப்படும் சியாட்டில் நகரின் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது என்பதால், கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று கேட்காமல் கரையிறங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: ரோப் காரில் மலையேறினோம். மேலே ஒரே மேகம், ஒன்றும் தெரியவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. ஏறுமிடம் கப்பல் துறையிலேயே இருக்கிறது. சீட்டு வாங்கும் முன் அண்ணாந்து பார்த்திருக்கலாம்.

கேள்வி: கப்பலில் நடந்த கடைகள் பற்றிய விளக்கக் கூட்டத்தில் சொன்ன கடையில், பாதி விலை என்று டான்சனைட் என்ற ரத்தினக் கல் பதித்த மோதிரம் வாங்கினேன். கொடுத்ததில் பாதிகூடத் தேறாது என்கிறார் மதிப்பீட்டாளர்.

பதில்: உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அந்தக் கூட்டங்களின்மேல்தான். மேடையில் கடைப்பெயர்களை அடுக்குபவர் ஊரைக் காட்டும் வழிகாட்டி அல்லர். கடைகள் கட்டும் விளம்பரக் கட்டணத்தில்தான் இத்தகைய கூட்டங்கள் பெரும்பாலும் நடக்கின்றன, அதைக் கையில் தரும் வரைபடத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டும் இருப்பார்கள். துறையை ஒட்டிய நகைக்கடைகளில் பல, கப்பல் வரும் மாதங்களில் மட்டும் திறந்திருந்து, பருவம் முடிந்ததும் கதவைச் சாத்திவிடுபவை. டான்சனைட் வெட்டியெடுக்கப்படுவது தான்சானியாவின் மெரெலானி குன்றுகளில் மட்டுமே; அது அலாஸ்காவில் மலிவாகக் கிடைக்க ஒரு காரணமும் இல்லை. பாதி விலை என்றால் எதில் பாதி? சீட்டில் முதல் விலையை எழுதியவரும் அதே கடைக்காரர்தான்.

கடைக்குள் போய் வாங்கிய பொருளை மனம் மாறித் திருப்பித் தரும் பொது உரிமை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லை. ஆகவே விலையைப் பற்றி வாதாடாதீர்கள். ரசீதில் எழுதிய காரட் எடையும் கல்லின் தரமும் மதிப்பீட்டுச் சான்றிதழோடு பொருந்தாவிட்டால், அது ஏமாற்று வேலை; இரண்டு தாள்களையும் இணைத்துக் கடைக்கும் கார்டு தந்த வங்கிக்கும் இன்றே எழுதுங்கள்.

கேள்வி: டிலிங்கிட் பழங்குடியினர் கையால் செதுக்கியது என்று சொல்லி விற்ற சிறிய டோட்டெம் கம்பம் (உருவங்கள் செதுக்கிய மரக்கம்பம்) ஒன்று வாங்கினேன். அதேபோல இன்னொன்று, வெட்டுக்கு வெட்டு மாறாமல், வேறு கடையில் இருந்தது.

பதில்: நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். நான் அங்கு வாங்கிய கம்பத்தின் அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டியபோது, அதன் கீழே வேறொரு நாட்டின் பெயர் அச்சாகியிருந்தது. பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க இந்தியர் கைவினைச் சட்டப்படி குற்றம் (இங்கே இந்தியர் என்பது அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிக்கிறது). அமெரிக்க உள்துறையின்கீழ் இயங்கும் இந்தியர் கைவினை வாரியம் புகார்களைப் பெறுகிறது. ரசீதையும் படங்களையும் அனுப்புங்கள். இனி வாங்குவோர் வெள்ளிக்கை முத்திரையைத் தேடலாம்: அது அலாஸ்கா பழங்குடிக் கலைஞரின் கைவேலை என்பதற்கு மாநிலம் தரும் அடையாளம். தாய்க்கரடியும் குட்டியும் உள்ள முத்திரை, பொருள் அலாஸ்காவில் செய்யப்பட்டது என்று மட்டுமே சொல்கிறது. முத்திரை இல்லாதவை எல்லாம் போலி அல்ல. கலைஞரின் பெயரை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: மோசமான வானிலையால் ஹெலிகாப்டர் பயணத்தை நிறுவனமே ரத்துசெய்தது. பணத்துக்குப் பதில் அடுத்த ஆண்டுக்கான கூப்பன் தருகிறார்கள்.

பதில்: முன்பதிவு நிபந்தனைகளைப் படியுங்கள். பணம் திரும்பத் தரப்படும் என்றிருந்தால் கூப்பனை ஏற்காதீர்கள். ஏற்றுக்கொண்ட பிறகு வங்கியில் முறையிடுவது கடினம்.