முதலில் ஓட்டுநர் சீட்டில் உட்காருங்கள்: சின்ன கேம்பர்வேன் கேள்வி-பதில்

கோடை நெருங்க நெருங்க பிரிட்டனில் இருக்கும் நம்மவர்களிடமிருந்து கேம்பர்வேன் (உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்த வேன்) கேள்விகள் குவிந்துவிடும். இந்தமுறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: வண்டி சின்னதாக இருக்க வேண்டும், ஓட்டச் சுகமாக இருக்க வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் இதைக் கேட்கிறவர்களே வண்டி பார்க்கப் போனால் நேரே அடுப்பைத் திறந்து பார்க்கிறார்கள், படுக்கையில் காலை நீட்டிப் பார்க்கிறார்கள், ஸ்டீயரிங் பக்கம் வருவது கிளம்புகிற நேரத்தில்தான். லண்டனிலிருந்து லேக் டிஸ்ட்ரிக்ட் போக ஐந்தாறு மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் நீங்கள் உட்காரப்போவது அந்த ஒரு சீட்டில்தான், அடுப்புக்கு முன்னால் இல்லை.

வீட்டு வாசலில் ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம். வாரநாளில் பள்ளிக்கூடம், கடைகண்ணி; விடுமுறையில் கேம்பிங். இரண்டு பிள்ளைகள். எந்த அளவு எடுக்கலாம் அண்ணா? (ஹாரோ)

ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர் அளவைத் தாண்டாதீர்கள். அதன் டி6.1 தலைமுறையில் வந்த கேம்பரான கலிஃபோர்னியாவின் நீளம் 4.90 மீட்டர், அகலம் 1.90, உயரம் 1.99. பாப்-டாப் கூரையைத் தூக்கினால் மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர் படுக்கலாம். இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது அந்த உயரத்தைத்தான். பல மாடிக் கார் பார்க்கிங் வாசலில் தொங்கும் கம்பி பல இடங்களில் 2 மீட்டர் அல்லது 2.1 மீட்டர், அதற்குள் புக முடிந்தால்தான் அது தினசரி வண்டி, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வண்டி. பட்டறையில் பாப்-டாப் போட்ட வண்டிகள் சில சென்டிமீட்டர் கூடவே இருக்கும், மேலே சோலார் பலகை வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாமல் டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை எழுதி ஓட்டுபவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

அகலத்தைச் சொல்லும்போது பக்கக் கண்ணாடிகளை யாரும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் அதே வண்டி கிட்டத்தட்ட 2.3 மீட்டர் வருகிறது. லண்டன் புறநகர்த் தெருக்களில் இரண்டு பக்கமும் தூண் நட்டு 6 அடி 6 அங்குலம் என்று பலகை வைத்திருப்பார்களே, அங்கே வண்டியின் உடம்பு நுழைந்துவிடும், கண்ணாடியைத்தான் கவனிக்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் போகும் பள்ளிக்கூட வழியில் அப்படி ஒன்று இருந்தால் டெஸ்ட் டிரைவையே அந்த வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

2024-இல் வந்த புது கலிஃபோர்னியா மல்ட்டிவேனின் அடித்தளத்தில் செய்தது, ஓட்டினால் கார் மாதிரியேதான் இருக்கிறது, இரண்டு பக்கமும் நகரும் கதவு வேறு. ஆனால் நீளம் 5.17 மீட்டர். வாசலை அளந்துவிட்டு ஆசைப்படுங்கள். அப்புறம், பட்டறையில் மாற்றிய வண்டி என்றால் படுக்கையாக மடியும் பின்சீட்டு இழுவைச் சோதனையில் (மோதலில் சீட்டும் பெல்ட்டும் பிடுங்கிக்கொள்ளாமல் நிற்குமா என்று இழுத்துப் பார்ப்பது) தேறியதா என்று காகிதத்தோடு கேளுங்கள். "அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும்" என்று வாயால் சொன்னால் வேறு வண்டி பாருங்கள், அந்தச் சீட்டின் பெல்ட்டில்தான் பிள்ளைகள் உட்காரப்போகிறார்கள்.

என் உயரம் 5 அடி. கணவர் பெரிய வேனாகப் பார்க்கிறார், ஆனால் பாதித் தூரம் ஓட்டப்போவது நான். (லெஸ்டர்)

அப்படியானால் தேர்ந்தெடுக்க வேண்டியது நீங்கள்தான் தங்கச்சி, மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் வண்டியின் நீளத்தைவிடச் சீட்டின் உயரம்தான் பிரச்சினை. முன்சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பி உள்ளே உட்கார வைக்கிறார்களே, அதற்கு ஒரு சுழலும் இரும்புத் தட்டு சீட்டுக்கு அடியில் போகிறது. பட்டறைகளில் போடும் தட்டு பெரும்பாலும் சீட்டைச் சில சென்டிமீட்டர் உயர்த்திவிடும். ஆறடி ஆளுக்கு அதனால் தலை கூரையை நெருங்கும், உங்களுக்குப் பாதம் தரையை விட்டுப் போகும். கிளட்சை அடிவரை மிதித்துப் பாருங்கள். குதிகால் தூக்கிக்கொண்டு, தொடையின் அடிப்பக்கத்தைச் சீட்டின் விளிம்பு அழுத்துகிறதா? கடை வாசலில் இது தெரியாது, எம்1-இல் ஒரு மணி நேரம் போனபிறகு கால் மரத்துப்போகும்போதுதான் தெரியும். டி5, டி6 தலைமுறை டிரான்ஸ்போர்ட்டர்களில் கைப்பிரேக்கும் குறுக்கே நிற்பதால் ஓட்டுநர் பக்கம் தட்டு போட்டால் அதையும் தாழ்த்தி மாட்ட வேண்டியிருக்கும். பயணி சீட்டுக்கு மட்டும் தட்டு போட்டு ஓட்டுநர் சீட்டை அப்படியே விட்டுவிடுங்கள். சாப்பிட உட்கார ஒரு சீட்டு திரும்பினால் போதும்.

இரண்டு பேர்தான் என்றால் இன்னும் சின்னதையும் பாருங்கள். நிஸ்ஸான் என்வி200 நீளம் 4.40 மீட்டர், அகலம் 1.70கூட இல்லை. சந்துபொந்துகளில் திருப்ப இதைவிடச் சுலபமான கேம்பர் இங்கே எனக்குத் தெரிந்து இல்லை. இப்போது பழையதாகத்தான் கிடைக்கும், மோட்டார்வேயில் கொஞ்சம் சத்தம் போடும். ஃபோக்ஸ்வேகனின் சின்ன வண்டியான கேடி கலிஃபோர்னியா 4.50 மீட்டர், ஓட்ட முழுக்கக் கார்தான். ஆனால் படுக்கை 1.98-க்கு 1.07 மீட்டர், இருவரும் ஒட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும். சமையல் பின்கதவைத் தூக்கிவிட்டு வெளியே நின்று செய்வது. இங்கிலாந்து மழையில் அது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் டிரைவில் எதைப் பார்ப்பது? ஒரு வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது, அடுத்தது ஆடியது. விலை இரண்டும் ஒன்றுதான். (கார்டிஃப்)

தூக்கிப் போட்டது அநேகமாக அதிக எடைக்குச் செய்த வண்டி. டிரான்ஸ்போர்ட்டரில் டி28, டி30, டி32 என்று போட்டிருப்பது மொத்த எடை வரம்பு, அதாவது 2.8, 3.0, 3.2 டன். டி32-இன் ஸ்பிரிங் கட்டியாக இருக்கும், காலியாக ஓட்டினால் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்புக்கு வரும், சாமான் ஏறியபிறகு அமைதியாகிவிடும். டி28 நேர்மாறு: காலியாக மெத்தென்று போகும், அலமாரி, பேட்டரி, தண்ணீர், நான்கு ஆட்கள், அரிசி மூட்டை எல்லாம் ஏறியதும் வளைவில் சாயும். விற்கிறவர் பெரும்பாலும் காலி வண்டியைத்தான் ஓட்டக் கொடுப்பார். தண்ணீர்த் தொட்டியை நிரப்பச் சொல்லுங்கள், குடும்பத்தை ஏற்றிக்கொள்ளுங்கள், அப்புறம் ஓட்டுங்கள்.

ஆடிய வண்டிக்கு முதலில் டயர் காற்றைப் பாருங்கள். வேன் டயருக்குக் காரைவிட அதிக அழுத்தம் வேண்டும், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். பாதிப் புகார் அங்கேயே முடிந்துவிடும். வண்டியின் எடையைத் தாங்காத சாதாரணக் கார் டயர் மாட்டியிருந்தால் அந்த வண்டியை வேறு எதிலெல்லாம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

பிறகு ரேடியோவை அணைத்துவிட்டு 70 மைலில் போங்கள். பாப்-டாப் விளிம்பில் காற்று விசில் அடிக்கிறதா, பின்னால் அலமாரிக் கதவு கடகடக்கிறதா என்று காது கொடுங்கள். தட்டு டம்ளர் சத்தத்துக்குத் துணி செருகலாம், கூரை விசிலுக்கு ரப்பரைத்தான் மாற்ற வேண்டும். மேடு பள்ளமான கிளைச்சாலையிலும் ஒரு சுற்று போய்வாருங்கள், விற்கிறவர் முகம் சுளித்தாலும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏறி இறங்க எது சுலபம்? (ஈஸ்ட் ஹாம்)

கேடி, சிட்ரோயன் பெர்லிங்கோ அளவு வண்டிகள். தரை தாழ்வு, சீட்டு இடுப்பு உயரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் உட்கார்ந்து திரும்பினால் போதும். டிரான்ஸ்போர்ட்டர் என்றால் ஒரு படியும், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் வாங்கி மாட்டுங்கள். மேல் படுக்கையை அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா? (மில்டன் கீன்ஸ்)

ஆட்டோமேட்டிக் கார் ஓட்டி லைசென்ஸ் தேர்வில் தேறியிருந்தால் இந்தக் கேள்வியே இல்லை, மேனுவலைத் தொட முடியாது. இரண்டும் ஓட்டலாம் என்றாலும் என் ஓட்டு ஆட்டோமேட்டிக்குக்குத்தான். வங்கி விடுமுறை வெள்ளிக்கிழமை சாயங்காலம் எம்25-இல் கனமான வேன் கிளட்சை மிதித்து மிதித்துப் போனவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. டிரான்ஸ்போர்ட்டரின் ஏழு கியர் டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நல்ல பெட்டி, ஆனால் 40,000 மைலுக்கு ஒருமுறை அதன் எண்ணெயை மாற்ற வேண்டும், மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். 2010-இலிருந்து 2015 வரை வந்த டி5-இல் 180 குதிரைசக்தி இரட்டை டர்போ டீசல் மட்டும் வேண்டாம், எஞ்சின் எண்ணெய் குடிப்பதில் பேர் எடுத்தது.

ஜப்பானிலிருந்து இறக்கிய மாஸ்டா போங்கோ மலிவாக வருகிறது. எடுக்கலாமா? (குரோய்டன்)

குரோய்டன் என்று போட்டிருக்கிறீர்கள், அதனால் முதலில் யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் மண்டலம். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் பெருநகரம் முழுக்க அது உண்டு. டீசல் என்றால் யூரோ 6, பெட்ரோல் என்றால் யூரோ 4 என்ற புகைத் தரம் இல்லாவிட்டால் ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். போங்கோ ஃப்ரெண்டி 1995-இலிருந்து 2005 வரை வந்த வண்டி, அதன் 2.5 லிட்டர் டீசல் தேறவே தேறாது. மலிவாக வாங்கியதை வாசலைத் தாண்டும்போதெல்லாம் தவணையில் கட்டுவீர்கள். டி6-இலும் 2015, 2016 பதிவுகளில் யூரோ 5, யூரோ 6 இரண்டும் கலந்து கிடக்கின்றன, பார்த்து வாங்குங்கள். லண்டன் போக்குவரத்து ஆணையத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

லண்டனுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் போங்கோ மோசமில்லை. வலது கை ஸ்டீயரிங், ஆட்டோமேட்டிக், பொத்தானை அழுத்தினால் தானே எழும் கூரை. எஞ்சின் முன்சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்தால் உங்களுக்குத் தெரிவதற்குள் சிலிண்டர் ஹெட் போய்விடும். கூலன்ட் அலாரம் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வாங்கிய வாரமே மாட்டுங்கள்.

உள்ளேயே சாம்பார் வைக்கலாமா? (ரெடிங்)

வைக்கலாம், தாளிப்பை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பாப்-டாப்பின் சுற்றுத்துணி கடுகு, பெருங்காய வாசனையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும், அடுத்த நாள் ஓட்டும்போது ஏசியில் அதுதான் வரும். வண்டியை விற்கும்போதும் அது கூடவே இருக்கும். எரிவாயு அடுப்பு என்றால் தரையில் ஒரு காற்றுத் துளை இருக்க வேண்டும், எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் கீழேதான் தேங்கும். குளிருகிறது என்று அந்தத் துளையில் துணி அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். படுக்கும்போது கதகதப்புக்காக அடுப்பைப் பற்றவைப்பது கூடவே கூடாது.

ஸ்காட்லாந்தின் வடக்கைச் சுற்றிவரும் என்சி500 சாலையில் போகிறோம். நண்பர் ஃபியட் டுகாட்டோ உயரக்கூரை வண்டி தருகிறேன் என்கிறார். (பர்மிங்காம்)

உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், சரி. ஆனால் டுகாட்டோ அகலம் 2.05 மீட்டர், உயரம் சுமார் இரண்டரை. அங்கே பல சாலைகள் ஒரே ஒரு வண்டி அகலம், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கும் இடம் வரை ரிவர்ஸில் போக வேண்டும். ஆப்பிள்கிராஸுக்குப் போகும் பேலாக் நா பா கணவாய் 626 மீட்டர் வரை ஏறுகிறது, சில இடங்களில் சரிவு 20 சதவீதம், கொண்டை ஊசி வளைவுகள் வேறு. பெரிய வண்டிகளும் கேரவன்களும் வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை இருக்கிறது. போகும் வழியில் எம்6-இல் ஷாப் மேட்டில் பக்கக்காற்று அடித்தால் உயரக்கூரை வண்டியின் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நண்பருக்கு நன்றி சொல்லிவிட்டு டிரான்ஸ்போர்ட்டர் அளவில் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். இரவில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திப் படுக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம், 2003 ஸ்காட்லாந்து நிலச் சட்டம் தரும் உரிமை கூடாரத்துக்குத்தான், மோட்டார் வண்டிக்கு இல்லை. ஜூலை, ஆகஸ்ட் என்றால் கேம்ப்சைட்டை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.