ஆக்டிவிட்டி முடிஞ்ச பிறகுதான் பாடம் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளில அஞ்சாம் வகுப்பு எடுக்குறேன், 38 பிள்ளைங்க. ட்ரெய்னிங்ல அனுபவம் மூலமா கத்துக்குடுக்கணும்னு சொல்றாங்க, நானும் நிறைய ஆக்டிவிட்டி பண்றேன், பசங்களும் ஆசையா செய்றாங்க. ஆனா மறுநாள் கேட்டா என்ன செஞ்சோம்னு சொல்றாங்களே தவிர என்ன கத்துக்கிட்டோம்னு சொல்ல வரல. எங்க தப்பு பண்றேன்?
– ஒரு ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: டீச்சர், உங்க ஆக்டிவிட்டில தப்பு இல்ல. அது முடியவும் பெல் அடிக்கவும் சரியா இருக்கும், பசங்க எந்திரிச்சு ஓடிருவாங்க, அங்கதான் விட்டுப்போகுது. செஞ்சத பத்தி உக்காந்து பேசுற நேரம்தான் பாடம், முன்னாடி நடந்ததெல்லாம் அதுக்கான ஏற்பாடு.

நான் சென்னைல வாத்தியாரா இருந்தப்போ செஞ்சத சொல்றேன். "உச்சி வெயில் 12 மணிக்கு நிழல் விழாது"ன்னு எல்லா பிள்ளைங்களும் சொல்லும், பெரியவங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஒரு ஜனவரி மாசம் நடுவுல 1 மீட்டர் குச்சி ஒண்ண மைதானத்துல நேரா நட்டோம். நடுறதுக்கு முன்னாடியே 12 மணிக்கு நிழல் எவ்ளோ இருக்கும்னு ஒவ்வொருத்தரையும் நோட்ல எழுத வச்சேன், இத மட்டும் விட்டுடாதீங்க, எழுதினாதான் பிள்ளைக்கு அது தன்னோட கணக்கா ஆகும். எழுதினவங்கள்ல பாதிக்கு மேல பூஜ்யம். அளந்தா 65 சென்டிமீட்டருக்கு மேல நிழல் இருக்கு, அதுவும் 12 மணிக்கு அப்புறமும் குறைஞ்சுகிட்டே போய் 12.18 வாக்குலதான் ரொம்ப சின்னதாச்சு. ஒரு பையன் டேப் சரியில்லன்னான், இன்னொருத்தன் ஸ்கூல் கடிகாரம் தப்புன்னான். ரெண்டையும் மாத்தி மறுநாள் திரும்ப அளந்தாங்க, அதேதான் வந்துச்சு.

அன்னைக்கு அரை மணி நேரம் பேசினோம். என்ன நெனச்சோம், என்ன வந்துச்சு, ஏன் ஒத்துப்போகல, இதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல. நம்ம கடிகாரம் உத்தரப் பிரதேசத்துல மிர்சாபூர் பக்கமா போற 82.5 டிகிரி தீர்க்கக் கோட்ட வச்சு ஓடுது, சென்னை அதுக்கு மேற்க இருக்குறதால சூரியன் இங்க உச்சிக்கு வர்றது சுமார் 9 நிமிஷம் லேட், அதோட சூரியனே சில மாசம் கடிகாரத்த விட முந்தும் சில மாசம் பிந்தும், ஜனவரி நடுவுல இன்னொரு 9 நிமிஷம் பிந்தும். இத பசங்க தடுமாறி நின்ன பிறகுதான் சொன்னேன், முன்னாடியே சொல்லிருந்தா ஒருத்தர் காதுலயும் ஏறிருக்காது.

அப்போ ஒரு பொண்ணு கேட்டுச்சு, "சார் அப்ப நிழலே விழாத நாள் ஒண்ணு கூட கிடையாதா?" நான் பதில் சொல்லல, வாரம் ஒருதடவ அளந்துகிட்டே வாங்கன்னேன். நிழல் வாராவாரம் குறைஞ்சுது, ஏப்ரல் 24, 25 வாக்குல குச்சியோட அடிக்குள்ளயே போய் ஒளிஞ்சிருச்சு. அப்ப பசங்க போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு! ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் அந்தப் பொண்ணு ஆறாம் வகுப்புல இருந்து ஓடி வந்துச்சு, "சார் நிழல் தெக்கு பக்கமா விழுது"ன்னு. யாரும் அளக்கச் சொல்லல.

38 பேருக்கு ஆறேழு பேரா குழு பிரிங்க, அளக்க ஒருத்தர், எழுத ஒருத்தர், மணி பாக்க ஒருத்தர், சரி பாக்க ஒருத்தர்னு வேலைய மாத்தி மாத்தி குடுங்க. இல்லேன்னா துணிச்சலான ரெண்டு பசங்க செய்வாங்க, மத்தவங்க வேடிக்கை பாப்பாங்க, பொம்பளப் பிள்ளைங்க கைக்கு டேப்பே வராது. சூரியன நேரா பாக்கக்கூடாதுன்னு மட்டும் கண்டிப்பா சொல்லி வைங்க.

கேள்வி: என் பொண்ணு மூணாவது படிக்கிறா. வாரத்துக்கு ஒரு ப்ராஜெக்ட், சார்ட்டு, தெர்மாகோல், பிரிண்ட் அவுட். ராத்திரி 11 மணி வரைக்கும் நானும் என் வீட்டுக்காரரும்தான் செய்றோம். இதுவா அனுபவக் கல்வி?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: இல்லம்மா, அனுபவம் உங்களுக்குக் கிடைக்குது, குழந்தைக்கு இல்ல. அடுத்த ப்ராஜெக்ட அவளே செய்யட்டும், கோணலா இருந்தாலும் அப்படியே குடுத்து விடுங்க, டீச்சர்கிட்டயும் நேர்ல போய் சொல்லுங்க. வீட்ல சொட்டுற குழாய் இருந்தா அடியில டம்ளர் வச்சு 10 நிமிஷம் புடிக்கச் சொல்லுங்க, அத மருந்து மூடியால அளக்கட்டும், ஒரு நாளைக்கு அது மாதிரி 144 பத்து நிமிஷம், மொத்தம் எவ்ளோ தண்ணி வீணாகுதுன்னு அவளே கணக்கு போடட்டும். பெருக்கல் வரலேன்னா கூட்டிக் கூட்டி போகட்டும், குடத்துல ஊத்திக் காட்டுங்க.

கேள்வி: டீச்சர் ட்ரெய்னிங் படிக்கிறேன். செயல்வழிக் கற்றல் நம்ம ஊருக்கு எப்ப வந்துச்சு, இப்ப ஏன் அத பத்தி பேச்சே இல்ல?
– ஒரு மாணவர், திருவாரூர்

பதில்: 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சாங்கப்பா, அப்ப ஆணையரா இருந்தவர் எம்.பி. விஜயகுமார். ஆந்திராவுல மதனப்பள்ளி பக்கத்துல இருக்குற ரிஷிவேலி பள்ளியோட கிராமப் பள்ளிகள்ல பாடத்த சின்னச் சின்ன அட்டைகளா பிரிச்சு, பிள்ளைங்களே ஒவ்வொண்ணா செஞ்சுகிட்டு போற மாதிரி நடத்துன முறைதான் இதுக்கு முன்மாதிரி. 2007 வாக்குல தமிழ்நாடு பூரா தொடக்கப் பள்ளிகளுக்குப் போச்சு. எந்த அட்டைக்கு அப்புறம் எதுன்னு காட்டுற ஏணிப்படி, அட்டை, பிள்ளைங்க கைக்கு எட்டுற கீழ்மட்டக் கரும்பலகை, படம் தொங்கவிட கம்பிப் பந்தல், தன் வேகத்துல படிக்கலாம், லீவு போட்ட பிள்ளை விட்ட இடத்துல இருந்து தொடரலாம். எனக்கு அதுல ரொம்ப மதிப்பு உண்டு. ஆனா பல இடத்துல அட்டைய முடிக்கிறதே வேலையா போச்சு, ஒரு அட்டை முடிஞ்சா அடுத்தது, நடுவுல பேச்சு இல்ல. கொரோனாவுக்கு அப்புறம் 2022ல சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்கு எழுத்தும் கணக்கும் வரணும்னு 'எண்ணும் எழுத்தும்'ங்கிற அரசுத் திட்டம் வந்துச்சு, அதுலயும் பாட்டு, கதை, விளையாட்டு எல்லாம் உண்டு. டீச்சிங் ப்ராக்டிஸ் போறப்போ அந்த வகுப்புல ஒரு நாள் பூரா பின்னாடி உக்காருங்க, பிள்ளைங்க எத்தனை கேள்வி கேக்குதுன்னு மட்டும் எண்ணிட்டு எனக்கு எழுதுங்க.