16 கிலோபைட்டில் ஒரு போர்முனை

கே: பழைய வீட்டுக் கணிப்பொறி விளையாட்டுகளில் ‘ஈஸ்டர்ன் ஃபிரன்ட் (1941)’ ஒன்றுதான் இன்றும் உங்களை இரவில் விழிக்க வைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். 16 கிலோபைட் நினைவகத்தில் ஒரு போரையே எப்படி அடக்கினார்கள்? (கல்லூரி மாணவி, திருச்சி)

ப: அடக்கியவர் ஒரே ஆள். கிறிஸ் கிராஃபோர்ட், வீட்டுக் கணிப்பொறிகள் செய்த அட்டாரி நிறுவன ஊழியர். 1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் யூனியனுக்குள் புகுந்ததில் தொடங்கி 1942 மார்ச் கடைசி வரை, வாரத்துக்கு ஒரு சுற்றாக ஆட்டம் நகரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அட்டாரியின் மிக நுண்ணிய திரை 320க்கு 192 புள்ளி. புள்ளிக்கு ஒரு பிட் என்று வைத்தாலே (எட்டு பிட் ஒரு பைட்) 7,680 பைட் ஆகிவிடும். நினைவகத்தில் பாதி போயிற்று, அதுவும் ஒரே ஒரு திரைக்கு! இவருக்கோ பல திரை அளவுக்கு விரியும் வரைபடம் வேண்டும். ஆகவே புள்ளிகளை விட்டுவிட்டு எழுத்துகளைப் பிடித்துக்கொண்டார். அந்த இயந்திரத்தில் எழுத்துகளின் வடிவத்தை நிரலாளர் தன் விருப்பப்படி மாற்றலாம். ஓர் எழுத்து காடாயிற்று, இன்னொன்று ஆற்று வளைவாயிற்று. கட்டத்துக்கு ஒரு பைட், அவ்வளவுதான் செலவு. ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் வரைபடம் வழுக்கிக்கொண்டு நகரும். அந்த வேலைக்கு ஆன்டிக் என்ற தனிச் சில்லு இருந்தது. பருவ மாற்றமும் ஏறக்குறைய இலவசம்: நிறத்துக்குரிய எண்ணை மாற்றியதும் நிலம் சேற்று நிறமாகும், பிறகு வெள்ளையாகும்.

கே: அத்தனை மெதுவான இயந்திரம் எதிரிக்காக யோசித்தது எப்படி? (வாசகர், ஈரோடு)

ப: இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். அன்றைய போர் விளையாட்டுகள் பலவற்றில் நம் முறையை முடித்துவிட்டு, கணிப்பொறி யோசித்து முடிக்கும்வரை தேமே என்று உட்கார்ந்திருக்க வேண்டும். நம் முறையின்போது இயந்திரம் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தைத்தான் கிராஃபோர்ட் எடுத்துக்கொண்டார்.

அன்றைய தொலைக்காட்சித் திரையின் அடியை எட்டிய எலக்ட்ரான் கற்றை மறுபடி உச்சிக்குத் திரும்பச் சிறிது நேரமாகும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இது நொடிக்கு 60 முறை நடக்கும். ஜாய்ஸ்டிக்கைக் கவனிப்பது, வரைபடத்தை நகர்த்துவது, நம் கட்டளைகளை வாங்கிக்கொள்வது ஆகிய எல்லாவற்றையும் அந்த இடைவெளிக்குள் தள்ளிவிட்டார். மிச்ச நேரம் முழுவதும் கணிப்பொறி நடத்தும் ரஷ்யத் தளபதிக்கு. அவர் முதலில் தோராயமாக ஒரு திட்டம் போடுவார். பிறகு ஒவ்வொரு படைக்கும் இதைவிட நல்ல இடம் உண்டா என்று திரும்பத் திரும்பப் பார்த்துத் திருத்திக்கொண்டே போவார். நாம் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் கையில் இருக்கும் திட்டத்தோடு களத்தில் இறங்குவார். நாம் அவசரப்பட்டால் எதிரியும் அரைகுறை. நாம் காபி குடிக்கப் போனால் அவர் கூர்மையாகிவிடுவார். சதுரங்கத்தில் எதிராளியின் நேரத்தில் யோசிப்பது பழைய வழக்கம். 1.79 மெகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு அதைப் பழக்கியதற்காகவே கிராஃபோர்டைக் கும்பிடலாம்.

கே: ஆடுபவர் ஜெர்மானியப் படையைத்தான் நடத்த வேண்டுமாமே? ஹிட்லரின் தளபதியாக இருப்பது ஒரு பொழுதுபோக்கா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

ப: ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எங்கே உடைத்துப் புகுவது என்று தீர்மானிக்கக் கற்பனை வேண்டும். வரிசையில் விழுந்த ஓட்டையை அடைக்கக் கணக்கு போதும். அதனால் தற்காப்பு கணிப்பொறியின் பங்குக்கு வந்தது என்பது என் ஊகம். படையெடுத்தவரை ஆட்டம் சும்மாவும் விடுவதில்லை. மேற்கு எல்லை வரை வழங்கல் பாதை, அதாவது படைக்கு உணவும் வெடிமருந்தும் வரும் வழி, திறந்திருக்க வேண்டும். அடைபட்டால் படையின் பலம் சரியும். கோடையில் பாய்ந்த டாங்கிகள் இலையுதிர்காலச் சேற்றில் நகர மறுக்கும். ஆனால் அந்த வரைபடத்தில் ஊர்கள் உண்டு, ஊரார் இல்லை. அந்த நெருடல் எனக்கும் உண்டு.

கே: நன்றாக விற்றதா? (வாசகர், சேலம்)

ப: போர் விளையாட்டு விலைபோகாது என்பது நிறுவனத்தின் எண்ணம். கிராஃபோர்ட் தம் சொந்த நேரத்தில் எழுதி, 1981இல் அட்டாரி புரோகிராம் எக்ஸ்சேஞ்ச் என்ற அஞ்சல்வழி விற்பனைப் பிரிவு மூலம் வெளியிட்டார். அந்தப் பிரிவில் மிக அதிகம் விற்றவற்றுள் அது ஒன்றாகிவிட்டது. பிறகு நிறுவனமே கார்ட்ரிட்ஜாகவும் (இயந்திரத்தில் செருகும் சிறு பெட்டி) வெளியிட்டது. மூல நிரலையும் தனியாக விற்றார்கள்!

கே: நானும் இப்படி ஒன்றை எழுதிப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது? (பிளஸ் டூ மாணவர், மதுரை)

ப: தம்பி, படத்தில் தொடங்காதே. பத்துக்குப் பத்துக் கட்டம், பக்கத்துக்கு நான்கு படை, ஒரு வழங்கல் பாதை. அதை வெறும் எழுத்துகளாகத் திரையில் ஓடவிட்டுப் பார். பாதையை அறுக்கும்போது உனக்கே பதற்றம் வந்தால் மேலே போகலாம். வராவிட்டால் விதியை மாற்று. கிராஃபோர்டே 1979இல் காமடோர் பெட் கணிப்பொறியில் இதே போர்முனையை எழுதிப் பார்த்து, திருப்தி இல்லாமல் ஓரமாக வைத்தவர்தான்.