தெரு இருக்கிறது, வழி மட்டும் இல்லை: மேப்பை எப்படித் திருத்துவது?

கேள்வி: நாங்கள் சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் தெரு இருக்கிறது. ஆனால் மெயின் ரோட்டிலிருந்து வழி கேட்டால், நேரே உள்ளே திரும்பச் சொல்லாமல் பின்பக்கமாகச் சுற்றி வரச் சொல்கிறது. ஊரிலிருந்து வந்த சித்தப்பா இதை நம்பி ராத்திரி நேரத்தில் வெகுநேரம் அலைந்துவிட்டார். தெருப் பெயரும் தப்பாக இருக்கிறது. நானே சரிசெய்யலாம் என்று கணக்கு தொடங்கியிருக்கிறேன். பிரௌசரிலேயே திருத்தலாமா, ஜோஸ்ம் மென்பொருளை நிறுவ வேண்டுமா? எதையாவது தொட்டு ஊர் மேப்பையே கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள். இந்த மேப்பில் யார் எப்போது எதை மாற்றினாலும் பழைய வடிவம் அழிவதில்லை. ஒவ்வொரு தெருவுக்கும் வரலாறு இருக்கிறது. தப்பு நடந்தால் முன்பு இருந்தபடியே திருப்பிவிடலாம். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய திட்டம் இது. இருபது வருடங்களுக்கு மேலாக உங்களையும் என்னையும் போன்றவர்கள் திருத்தித் திருத்தித்தான் இந்த அளவுக்கு வந்திருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இங்கே செய்யும் திருத்தம் கூகுள் மேப்பில் தெரியாது. அது வேறு நிறுவனத்தின் தனி மேப். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஓடும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலிகளில்தான் உங்கள் வேலை தெரியும். சித்தப்பா அப்படி ஒன்றைத்தான் பார்த்து வந்திருப்பார் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

உங்கள் வேலைக்கு ஜோஸ்ம் வேண்டாம். மேப் தளத்தில் எடிட் பொத்தானை அழுத்தினால் பிரௌசரிலேயே திறக்கும் 'ஐடி' எடிட்டர் போதும். முதல் முறை திறக்கும்போது பயிற்சி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கும். எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் வரைவது எதுவும் உண்மையான மேப்பில் ஏறாது, தைரியமாகக் கிறுக்கிப் பார்க்கலாம்.

இப்போது உங்கள் தெருவுக்கு வருவோம். தெரு மேப்பில் இருந்தும் வழி சுற்றிப் போகிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது தெருமுனையைத்தான். எடிட்டரில் மெயின் ரோட்டுக்கு உங்கள் தெரு வந்து சேரும் இடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒட்டியிருப்பது போலத்தான் தெரியும். பெரிதாக்கப் பெரிதாக்க, உங்கள் தெருவின் கடைசிப் புள்ளிக்கும் மெயின் ரோட்டுக் கோட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி தெரியலாம். சில சமயம் இடைவெளிகூட இருக்காது. புள்ளி கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும், ஆனால் அதோடு சேர்ந்திருக்காது. வழி தேடும் மென்பொருள் படத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு சாலைக்கும் பொதுவாக ஒரு புள்ளி இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். இல்லையென்றால் அதன் கணக்கில் உங்கள் தெரு அந்தப் பக்கம் ஒரு முட்டுச்சந்து. அதனால்தான் பின்பக்கம் சேர்ந்திருக்கும் வேறு தெரு வழியாக இழுத்துக்கொண்டு வருகிறது.

ஐடி எடிட்டரில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். தெருவைச் சொடுக்கினால் அதன் புள்ளிகள் தெரியும். இரண்டு சாலைகள் பகிர்ந்துகொள்ளும் புள்ளி சாம்பல் நிறத்தில் இருக்கும், தனியாக இருப்பது வெள்ளையாக இருக்கும். உங்கள் தெருமுனைப் புள்ளி வெள்ளையாக இருந்தால் நோய் அங்கேதான். அதைப் பிடித்து மெயின் ரோட்டுக் கோட்டின் மேல் இழுத்துவிடுங்கள், ஒட்டிக்கொள்ளும். நிறம் மாறியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல நேரம் எடிட்டரே 'இந்தச் சாலை அந்தச் சாலைக்கு மிக அருகில் இருக்கிறது, ஆனால் சேரவில்லை' என்று எச்சரித்து, சேர்த்துவைக்க ஒரு பொத்தானும் கொடுக்கும்.

அதற்காகக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தையெல்லாம் சேர்த்துவிடக் கூடாது. கத்திப்பாரா மேம்பாலத்தை ஒருமுறை எடிட்டரில் திறந்து பாருங்கள். மேலே போகும் சாலையும் கீழே போகும் சாலையும் படத்தில் வெட்டிக்கொள்ளும், புள்ளி இருக்காது. இருக்கவும் கூடாது. அங்கே ஒரு புள்ளி போட்டுச் சேர்த்தால், பாலத்தின் மேலிருந்து கீழே திரும்பச் சொல்லிவிடும்.

முனை சரியாக இருந்தும் வழி சுற்றுகிறதா? அப்படியானால் தெரு ஒருவழியாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். கோட்டின் மேல் அம்புக்குறிகள் தெரிந்தால் அதுதான் காரணம். அல்லது வண்டி போகும் தெருவை யாராவது நடைபாதை என்று போட்டிருக்கலாம், 'தனியார் வழி' என்று குறித்திருக்கலாம், நடுவில் ஒரு கேட் வைத்திருக்கலாம். நேரில் போய்ப் பார்க்காமல் இவற்றை மாற்றாதீர்கள். உங்கள் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் மெட்ரோ இரண்டாம் கட்ட வழித்தடம் மடிப்பாக்கம் வழியாக வருகிறது. இந்த மாதிரி வேலை நடக்கும் இடங்களில் போக்குவரத்தை அடிக்கடி மாற்றிவிடுவார்கள். நாலு நாளைக்குத் தடுப்பு வைத்திருப்பதை மேப்பில் ஏற்ற வேண்டியதில்லை. மாதக்கணக்கில் நீடிக்கும் மாற்றம் என்று தெரிந்தால் குறிக்கலாம், ஆனால் வேலை முடிந்ததும் திரும்ப வந்து எடுத்துவிடும் பொறுப்பும் உங்களுடையது.

அடுத்தது பெயர். மடிப்பாக்கம் 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பஞ்சாயத்துக் காலத்துப் பெயர் ஒன்று, மாநகராட்சிப் பலகையில் ஒன்று, பால்காரர் சொல்வது ஒன்று என்று இருந்தால் ஆச்சரியமில்லை. தெருவில் இறங்கி நடந்து பெயர்ப் பலகையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் எடுங்கள், ஏனென்றால் இரண்டிலும் எழுத்து ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. பலகையில் உள்ளதே பெயர். மக்கள் வாயில் வழங்கும் பெயருக்கும், பழைய பெயருக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. ராஜீவ் காந்தி சாலையை இன்றும் ஓ.எம்.ஆர். என்றுதானே சொல்கிறோம்? அண்ணா சாலை பலருக்கு இன்னும் மவுண்ட் ரோடு. ஒரு பெயரைப் போட இன்னொன்றை அழிக்க வேண்டியதில்லை. வழக்குப் பெயரை மாற்றுப் பெயராகவும், போய்விட்ட பெயரைப் பழைய பெயராகவும் சேர்த்தால், எந்தப் பெயரில் தேடினாலும் கிடைக்க வழி உண்டு.

தமிழ்ப் பெயரை விட்டுவிடாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சென்னைத் தெருக்களில் பெயர்க் கட்டத்தில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். அதை அழிக்க வேண்டாம். பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தி, மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்து, பலகையில் உள்ள தமிழ்ப் பெயரை அப்படியே எழுதுங்கள். ஆங்கிலத்திலிருந்து நாமாகப் பெயர்த்தால் ழகரம் லகரமாகும், 'திரு' வேறு ஏதோவாகும். பலகையைப் பார்த்து எழுதினால் அந்தக் குழப்பமே வராது. ஆங்கிலத்தில் ஸ்ட்ரீட், ரோடு என்பதையும் சுருக்காமல் முழுதாக எழுதுங்கள்.

கூகுள் மேப்பைப் பார்த்துப் பெயரை எடுத்துப் போடுவது மட்டும் கூடவே கூடாது. அது அடுத்தவர் சொத்து. தெரிந்தால் உங்கள் திருத்தத்தை நீக்கிவிடுவார்கள், நீக்குவதுதான் நியாயமும். எடிட்டரின் பின்னணியில் வரும் சாட்டிலைட் படங்கள் இதற்கென்று அனுமதி பெற்றவை. அவற்றின் மேல் தாராளமாக வரையலாம்.

அந்தப் படங்களையும் முழுதாக நம்பிவிட முடியாது. ஒரே இடத்தை இரண்டு நிறுவனங்களின் படத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தால் தெரு சில மீட்டர் நகர்ந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே வரைந்த தெருக்களையெல்லாம் தள்ளிவைக்கக் கிளம்பாதீர்கள். பலர் தாங்கள் போன வழியைப் பதிந்து ஏற்றியிருக்கும் ஜிபிஎஸ் தடங்களைப் பின்னணியில் காட்டச் சொன்னால், அவை எங்கே நெருக்கமாக ஓடுகின்றன என்று தெரியும். படத்தை அதோடு பொருத்திக்கொண்டு பிறகு வரையுங்கள். தூங்குமூஞ்சி மரங்கள் மூடியிருக்கும் தெருவுக்குப் படம் உதவாது, நடந்து பார்ப்பதுதான் வழி. அடுக்குமாடிக் கட்டடம் படத்தில் ஒரு பக்கம் சாய்ந்தது போல இருக்கும். கூரையின் ஓரத்தை வரைந்தால் கட்டடம் தெருவுக்குள் வந்துவிடும். கூரையின் வடிவத்தை வரைந்து, அது தரையைத் தொடும் இடத்துக்கு நகர்த்திவையுங்கள்.

திருத்தியதைச் சேமிக்கும்போது ஒரு குறிப்பு கேட்கும். 'அப்டேட்' என்று ஒரு வார்த்தையில் முடிக்காதீர்கள். 'மடிப்பாக்கத்தில் குறுக்குத் தெருவை மெயின் ரோட்டோடு சேர்த்தேன், பலகையைப் பார்த்துப் பெயர் திருத்தினேன்' என்று எழுதினால், நாளை பார்ப்பவருக்கு எதை, எதை வைத்து மாற்றினீர்கள் என்று புரியும். புரியாத மாற்றத்தைத்தான் ஆட்கள் சந்தேகப்படுகிறார்கள். கீழேயே, என் திருத்தத்தை யாராவது சரிபாருங்கள் என்று கேட்கும் கட்டம் ஒன்று இருக்கும். முதல் சில முறை அதில் டிக் போடுங்கள். அப்புறம், மடிப்பாக்கத்தில் ஒன்றும் மதுரையில் ஒன்றும் திருத்திவிட்டு இரண்டையும் ஒன்றாகச் சேமிக்காதீர்கள். ஒரு சேமிப்பில் மாறிய இடங்களையெல்லாம் சுற்றி மேப் போடும் பெட்டி பாதித் தமிழ்நாட்டை மூடிக்கொள்ளும், வழியில் உள்ள ஊர்க்காரர்களெல்லாம் தங்கள் ஊரில் என்ன மாறியது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரு பகுதி, ஒரு சேமிப்பு.

ஜோஸ்ம் எப்போது தேவைப்படும்? தெருவை முடித்துவிட்டு நகர் முழுவதும் வீடு வீடாக வரையலாம் என்று ஆசை வரும்போது. அது கணினியில் நிறுவும் மென்பொருள். வேண்டிய பகுதியை இறக்கிக்கொண்டு, இணையம் இல்லாமலும் வேலை செய்து, கடைசியில் ஏற்றலாம். கட்டடம் வரைவதற்கென்றே ஒரு கூடுதல் கருவி இருக்கிறது. ஒரு பக்கத்தை வரைந்து அகலத்தை இழுத்தால் நாலு மூலையும் செங்கோணமாக வீடு நின்றுவிடும். ஏற்றுவதற்கு முன் அதன் சரிபார்ப்பான், சேராத தெருமுனைகளையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய கட்டடங்களையும் பட்டியல் போட்டுக் காட்டும். அந்தப் பட்டியலில் நீங்கள் தொட்டவற்றை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள். இறக்கி நாலு நாள் வைத்திருந்து ஏற்றினால், நடுவில் வேறொருவர் மாற்றியதோடு மோதும். அன்றைக்கு இறக்கியதை அன்றைக்கே ஏற்றிவிடுவது நல்லது.

வீட்டு எண் போடும்போது நம் ஊருக்கே உரிய தலைவலி ஒன்று வரும். ஒரு கேட்டில் 27/14 என்று இருக்கும், அடுத்த கேட்டில் 9/31 என்று இருக்கும். எது பழைய எண், எது புதிய எண் என்று அந்த வீட்டுக்காரரைக் கேட்டால்தான் தெரியும். நான் புதிய எண்ணையே போடுவேன். சந்தேகமிருந்தால் காலியாக விட்டுவிடுங்கள், தப்பான எண்ணைவிட அது மேல். யார் வீட்டிலும் குடியிருப்பவர் பெயரை எழுதக் கூடாது.

கணினியே வேண்டாம், நடக்கும்போது கையோடு செய்தால் போதும் என்றால், ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்து, இந்தத் தெருவின் பெயர் என்ன, தரை தாரா சிமெண்டா, விளக்கு இருக்கிறதா என்று கேட்கும். பதிலைத் தொட்டால் மேப்பில் ஏறிவிடும். ஐபோன் வைத்திருப்பவர்கள் எவ்ரி டோர் செயலியைப் பயன்படுத்தலாம். உங்கள் அப்பா அம்மாவுக்கும் இது பிடிபடும், மாலை நடைக்கு ஒரு துணை.

இவ்வளவு நேரம் ஒரு தெருமுனையைப் பற்றிப் பேசியது அதிகம் என்று தோன்றலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில், தண்ணீர் நிற்கும் தெருவைத் தொட்டுக் குறிக்கும் ஒரு மேப் இந்தத் தரவை வைத்துத்தான் உருவானது. முன்பே யாரோ உட்கார்ந்து வரைந்திருந்த தெருவைத்தான் அதில் தொட முடிந்தது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பக்கத்தில் குடியிருக்கும் உங்களுக்கு மழை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சேமித்த பிறகு தளத்தில் உள்ள மேப்பில் சில நிமிடங்களில் மாற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பிரௌசர் பழைய படத்தையே வைத்திருக்கிறது, பக்கத்தைப் புதுப்பியுங்கள். வழி காட்டும் பகுதி அவ்வளவு சீக்கிரம் மாறாது. இரண்டு நாள் விட்டு மெயின் ரோட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வழி கேட்டுப் பாருங்கள். சித்தப்பாவின் போனில் இருப்பது முன்பே இறக்கி வைத்த மேப். செயலி புதிய பதிப்பைத் தரும்வரை காத்திருந்து, அடுத்த முறை ஊரிலிருந்து கிளம்பும் முன் தமிழ்நாட்டு மேப்பை ஒருமுறை அப்டேட் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.