சுரியானியர் மடமும் ஒரு புளியமரமும்

வணக்கம். போன வருடம் எகிப்து சுற்றுலாவின் கடைசி நாளில் வாடி நாட்ரூன் பாலைவனத்தில் உள்ள டேர் அல்-சுரியான் மடத்துக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே ஒரு புளியமரம்! சுரியானிப் புலவரான புனித எப்ரேம் ஊன்றிய கைத்தடி துளிர்த்தது என்றார் வழிகாட்டி. காப்டிக் (எகிப்தின் பூர்வ கிறிஸ்தவர்களின்) மடத்துக்கு ஏன் சிரியாக்காரர்களின் பெயர்? பழைய சுவடிகளெல்லாம் லண்டனுக்குப் போய்விட்டனவாம். அப்படியென்றால் மிச்சமிருப்பது வெறும் கூடுதானே? டிசம்பரில் மறுபடி போகிறோம், அதனால்தான் கேட்கிறேன்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 6ஆம் நூற்றாண்டில், கிறிஸ்துவின் உடல் அழியக்கூடியதா இல்லையா என்று துறவிகளுக்குள் பெரிய வழக்கு. பிஷோய் மடத்திலிருந்து ஒரு பிரிவினர் வெளியேறி, கூப்பிடு தூரத்தில் மரியாள் பெயரில் இன்னொரு மடம் அமைத்துக்கொண்டார்கள். 9ஆம் நூற்றாண்டில் இன்றைய ஈராக்கின் திக்ரித் பக்கத்து சுரியானித் துறவிகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். காப்டிக் துறவிகளும் கூடவே இருந்தார்கள். விசுவாசம் ஒன்றுதான், வழிபாட்டு மொழிதான் வேறு. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டு மொழியும் அதே சுரியானிதான்.

அந்தக் கூட்டுக்குடித்தனத்தைப் பார்க்க வேண்டுமானால் மரியாள் ஆலயத்தில் பலிபீட அறையின் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கருங்காலியில் தந்தம் பதித்து 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. மேல் வரிசையில் கிறிஸ்துவும் மரியாளும் நடுவில் இருக்க, இருபுறமும் பழைய சபைத் தலைவர்கள்: ஒரு பக்கம் அலெக்சாந்திரியாவின் மாற்கும் தியோஸ்கோருஸும், மறுபக்கம் அந்தியோக்கியாவின் இக்னாத்தியுஸும் செவேருஸும். எகிப்துக்கு இரண்டு பேர், சிரியாவுக்கு இரண்டு பேர். கீழே உள்ள சிலுவைக் கோலங்களைத் திருச்சபையின் ஏழு காலங்கள் என்று விளக்குவார்கள். தச்சருக்கு அந்த எண்ணம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி சுவடிகள். அந்த நாளில் மடத்தின் தலைவர் நிசிபிஸ் ஊர்க்காரரான மோசே. துறவிகள் மீது போட்ட வரியை நீக்கக் கேட்டு 927இல் பாக்தாத்துக்குக் கலீபாவிடம் போனார். வரி விலக்கும் கிடைத்தது, திரும்பும்போது 250 நூல்களும் வந்தன. அவை புறப்பட்ட ஊர்களில் அத்தனை பழைய சுவடிகள் மிஞ்சவில்லை. வறண்ட பாலைவனம் இவற்றைக் காப்பாற்றியது. 411இல் எதெஸ்ஸாவில் (இன்றைய துருக்கியின் உர்ஃபா) எழுதப்பட்ட நூல் ஒன்று அங்கிருந்து போய் இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. தேதி குறிக்கப்பட்ட சுரியானி நூல்களில் அதுவே மிகப் பழையது.

போன விதம் அவ்வளவு அழகல்ல. 1707இல் வத்திக்கானுக்கு வாங்கிப் போன சுவடிகள் நைலில் படகோடு கவிழ்ந்து, சேற்றிலிருந்து எடுத்துக் காயவைக்கப்பட்டன. 1837இல் வந்த ஆங்கிலேயர் ராபர்ட் கர்சன், பார்வையற்ற மடத்தலைவருக்கு இனிப்பு மதுவை ஊற்றிக் கொடுத்து, எண்ணெய் வைக்கும் நிலவறையில் கிடந்த தோல் ஏடுகளைப் பார்த்து வாங்கிப்போனதை அவரே எழுதியிருக்கிறார். இதை நான் நேர்மையான வியாபாரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் போய்விடவில்லை. 411ஆம் வருட நூலின் விடுபட்ட ஏட்டுத் துண்டுகள் மடத்திலேயே கிடைத்தன. 2013இல் புது நூலகமும் திறந்தார்கள்.

"வெறும் கூடு" என்பதை நான் ஏற்காததற்குப் பெரிய காரணம் சுவரிலேயே இருக்கிறது. 1988இல் ஆலயத்தில் தீப்பிடித்தது. அதன்பின் 13ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றை மெல்லப் பெயர்த்தெடுத்தபோது, அடியில் அதைவிடப் பழைய மங்கள வார்த்தைக் காட்சி (இயேசு பிறக்கப்போவதை மரியாளுக்குத் தூதர் அறிவிப்பது) கிடைத்தது: மரியாள், கபிரியேல் தூதர், இரு புறமும் காப்டிக் எழுத்துள்ள சுருள்களோடு தீர்க்கதரிசிகள். வழிபாடு ஓயாத கோயிலில்தான் சுவரைப் பூசிப் பூசிப் புதிதாக வரைவார்கள். இன்றைக்கும் விடியுமுன் துறவிகள் எழுந்து தஸ்பிஹா என்னும் துதிப்பாடல்களைப் பாடுகிறார்கள், அரபியில் பாதி, காப்டிக்கில் பாதி. பிரமிடு கட்டியவர்கள் பேசிய மொழியின் கடைசி வடிவம்தான் காப்டிக். பின்னாளில் காப்டிக் சபையின் போப் ஆன மூன்றாம் ஷெனூதா 1954இல் துறவியானது இந்த மடத்தில்தான். நூலகத்தையும் கவனித்துக்கொண்டார், அப்புறம் தனித்துத் தவமிருக்கக் குகைக்குப் போய்விட்டார்.

புளியமரக் கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்ரேம் 373இல் எதெஸ்ஸாவில் காலமானார், மடம் அதற்கு வெகுகாலம் பிந்தியது. சுரியானித் துறவிகளுக்குத் தங்கள் மகான் ஒருவரின் கால் பட்ட இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

டிசம்பர் என்றால் ஒரு எச்சரிக்கை. காப்டிக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதற்கு முன் நவம்பர் 25இலிருந்து 43 நாள் நோன்பு. நோன்புக் காலத்தில் சில மடங்கள் வெளியாட்களை விடுவதில்லை. முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.