சராசரி 65,000, ஆடியில் 5,000

கேள்வி: கும்பகோணத்தில் கல்யாண போட்டோகிராபர். ஆல்பம், உதவியாளர் சம்பளம் எல்லாம் போக சென்ற வருடம் கையில் நின்றது 7,80,000 ரூபாய், அதாவது மாதம் 65,000. வீட்டுச் செலவு 30,000. அக்கா வீட்டுக்காரரின் கடைக்காக என் பெயரில் வாங்கிய கடனுக்குத் தவணை 27,000, இன்னும் 19 பாக்கி. மாதம் 8,000 மிஞ்ச வேண்டும். ஆனால் ஒவ்வொரு ஆடியிலும் மனைவியின் நகை மாதம் இரண்டு சதவீத வட்டிக்கு அடகுக் கடைக்குப் போகிறது. இப்போது மாமா இன்னொரு கடன் எடுத்துத் தரச் சொல்கிறார், தவணை 7,000 தான். நண்பர் ஒருவரோ, சராசரியாக 20 சதவீதம் தரும் ஸ்மால்கேப் ஃபண்டில் (சிறிய நிறுவனங்களின் பங்குகளை வாங்கும் மியூச்சுவல் ஃபண்ட்) போடு என்கிறார். என்ன செய்வது?

பதில்: வரவு செலவை மாதவாரியாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் சிக்கனம், காப்பீடு என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. உங்கள் பிரச்சினை ஒன்றுதான். சராசரியைச் சம்பளம் என்று நினைக்கிறீர்கள்.

உங்கள் பட்டியலையே ஆயிரங்களில் தருகிறேன். சித்திரை 70, வைகாசி 130, ஆனி 90, ஆடி 5, ஆவணி 120, புரட்டாசி 10, ஐப்பசி 60, கார்த்திகை 70, மார்கழி 5, தை 120, மாசி 80, பங்குனி 20. இதில் 65-ஐ ஒட்டி வருவது மூன்றே மாதம். மாதாமாதம் 65,000 சம்பளம் வாங்கும் ஒருவருக்கும் உங்களுக்கும் சராசரி ஒன்றுதான், வாழ்க்கை ஒன்றல்ல. அந்த வித்தியாசத்துக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கில் பெயர் உண்டு, திட்ட விலக்கம். ஒவ்வொரு மாதமும் 65-இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, விலகலை வர்க்கமாக்கி, கூட்டி, 12 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். சுமார் 44 வரும். சம்பளக்காரருக்கு அது பூஜ்யம். 65,000 வருமானத்தில் 44,000 திட்ட விலக்கம் என்பது மிகப் பெரிய ஆட்டம்.

உங்கள் மாதச் செலவு 57,000. ஆடியில் 52,000 இடிக்கிறது. புரட்டாசியில் 47, மார்கழியில் 52, பங்குனியில் 37. ஆக 1,88,000 துண்டு விழுகிறது. மற்ற எட்டு மாதங்களில் மிஞ்சுவது 2,84,000. பணம் இருக்கிறது, ஆனால் அந்தந்த மாதத்தில் இல்லை. ஏனென்றால் வைகாசியிலும் தையிலும் மாமா கைமாற்று கேட்கிறார், நீங்களும் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தின் கடைசி வரியில் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. அவர் வாங்கிப்போவது உங்கள் ஆடி மாதத்து அரிசியையும் தவணையையும். அந்த ஓட்டையை நகை வைத்து அடைக்கிறீர்கள். 1,88,000 நாலு மாதம் அடகில் கிடந்தால் வட்டி மட்டும் 15,000.

சரி, எவ்வளவு கையில் வேண்டும்? ஆடியில் தொடங்கி ஒவ்வொரு மாதத்தின் மிச்சத்தையும் துண்டையும் கூட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். மார்கழியில்தான் மிக ஆழமாக இறங்குகிறது, 72,000. ஆடி பிறக்கும்போது அந்தத் தொகை தனிக் கணக்கில் இருந்தால் பங்குனி வரை நகை பெட்டியிலேயே இருக்கும். வைகாசி, ஆனி இரண்டிலும் சேர்ந்து மிஞ்சுவது 1,06,000. போதும். வரும் பணம் எல்லாம் அந்தக் கணக்குக்குப் போகட்டும். மாதம் ஒன்றாம் தேதி அதிலிருந்து 57,000 மட்டும் எடுங்கள், வைகாசியானாலும் மார்கழியானாலும். ஒரு சீசன் சரியாக அமையாமல் போகலாம் என்பதால் ஒரு லட்சத்துக்குக் குறையாமல் வைத்துக்கொண்டால் எனக்கு நிம்மதி.

அப்புறம் அந்தப் புதுக் கடன். சராசரியாக 8,000 மிஞ்சுகிறது, 7,000 தாங்காதா என்று மாமா கேட்பார். அதே கூட்டல் கழித்தலை 64,000 செலவு வைத்துப் போட்டேன். ஆடியில் வேண்டிய தொகை 72,000-இலிருந்து 1,14,000 ஆகிறது. வைகாசி, ஆனி மிச்சமோ 92,000 ஆகக் குறைகிறது. முதல் மார்கழியிலேயே நகை மறுபடி கடைக்குப் போகும். வேண்டாம். அக்காவிடமும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், தம்பி மாட்டேன் என்கிறான் என்று மட்டும் அவர் காதில் விழக்கூடாது.

ஃபண்டிலும் இதே மயக்கம்தான். மும்பை பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2008-இல் சுமார் 52 சதவீதம் விழுந்தது, 2009-இல் சுமார் 81 சதவீதம் ஏறியது. சராசரி போட்டால் வருடத்துக்கு 14 சதவீதத்துக்கு மேல் லாபம் என்று தெரியும். உண்மையில் ஒரு லட்சம் 48,000 ஆகி, பிறகு 87,000 வரைதான் வந்தது. ஸ்மால்கேப் இன்னும் அதிகம் ஆடும். ஃபண்டின் மாதாந்திர அறிக்கையில் வருமானத்துக்குப் பக்கத்திலேயே திட்ட விலக்கமும் போட்டிருக்கும். விற்பவர்கள் அதைப் படித்துக்காட்டுவதில்லை. ஏற்கெனவே இவ்வளவு ஆடும் வருமானத்தின் மேல் இன்னொரு ஆட்டத்தை ஏற்றாதீர்கள். ஆடிக்கான பணம் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும், வட்டி குறைவாக இருந்தாலும்.

19 தவணை முடிந்ததும் மாதச் செலவு 30,000 ஆகும். அப்போது ஆடியில் விழும் துண்டு 25,000 தான். ஃபண்டைப் பற்றி அன்றைக்கு எனக்கு மறுபடி எழுதுங்கள்.